இருபதாம் தேதிக் கூட்டம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால், "நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சா?" என்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் நம்பரைப் பார்த்தாலே நீ போனை எடுப்பதில்லை. கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் திரைப்படக் கல்லூரியில் 'நேருக்கு நேர்' என்று ஒரு பேச்சுத் தொடர் தொடங்கியிருக்கிறோம். மாதம் ஒரு மூத்த கலைஞர் வருவார். மாணவர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பொறுப்பு என் தலையில். இதுவரை ஓர் ஒளிப்பதிவாளர், ஒரு சண்டைப் பயிற்சியாளர், ஓர் ஒப்பனைக்காரர் வந்து போயிருக்கிறார்கள்.

என் ஒலிப்பதிவு வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். கழுத்தைவிட்டு ஹெட்போன் இறங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லாருக்கும் அவள் ஹெட்போன்தான். திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டு எழுதச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். மறுநாள் வந்து நின்றாள்.

"மேடம், இந்த மூணு படத்துலயும் ஹீரோயின் வேற வேற. ஆனா அழுறது ஒரே ஆள்."

"எப்படிச் சொல்ற?"

"எல்லாரும் மூச்சை இழுத்துட்டு அழுவாங்க. இவங்க விட்டுட்டு அழுறாங்க. யாரு மேடம் இவங்க?"

"எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

மாணவர்கள் உன்னைத்தான் அடுத்து அழைக்க வேண்டும் என்கிறார்கள். மார்ச் ஆறாம் தேதி மாலை. பயணத்துக்கும் தங்குவதற்கும் ஏற்பாடு செய்கிறோம். வருவாயா?

தங்கை


ஜனவரி 17

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் இருந்தேன். மருமகள் முந்திக்கொண்டு பிரித்துப் படித்துவிட்டாள். "அத்தை, உங்க தங்கச்சிக்குக் கையெழுத்து எவ்வளவு அழகு!" என்கிறாள். கையெழுத்து அழகாக இருந்து என்ன செய்ய? அதே கையால்தானே அந்தக் கட்டுரையையும் எழுதினாய்.

'இரவல் குரல்' என்று தலைப்பு வைத்தாய். ஒருத்தியின் உடம்பில் இன்னொருத்தியின் தொண்டையை ஒட்டவைப்பது பித்தலாட்டம் என்று பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினாய். உதாரணம் காட்ட ஊரில் ஆயிரம் படம் இருக்க, நான் குரல் கொடுத்த படத்தைத்தான் எடுத்தாய். கேட்டதற்கு, "உன் பேரை நான் எங்கயும் போடலையே அக்கா" என்றாய். டைட்டிலில்தான் எவனும் என் பேரைப் போடவில்லை. நீயாவது திட்டும்போது போட்டிருக்கலாம்.

அந்தப் பித்தலாட்டக்காரியை மேடையில் உட்காரவைத்துப் பிள்ளைகளிடம் என்ன காட்டப் போகிறாய்? 'இதோ பாருங்கள், இப்படிச் செய்யாதீர்கள்' என்றா?

நான் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் காது நன்றாக இருக்கிறது என்று சொல். அவள் ஒரே நாளில் கேட்டதை, இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் நீ கேட்கவில்லை.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

கட்டுரையை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. நீ வருவதற்காகப் பொய் சொன்னால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். வேற்றுமொழியிலிருந்து வந்த ஒரு நடிகையின் சொந்தக் குரல் எப்படியிருக்கும் என்று கடைசிவரை யாரும் கேட்கவேயில்லை, அதைத்தான் எழுதினேன். இன்று எழுதினால், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவேன். இரண்டும் ஒரே அநியாயம்தான்.

நான் கூப்பிடுவதாக நினைக்காதே. கல்லூரி கூப்பிடுகிறது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதே. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஹெட்போனிடம் நீ சொன்னதைச் சொன்னேன். வகுப்பு முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தங்கை


பிப்ரவரி 5

தங்கச்சிக்கு,

வருகிறேன்.

ஏன் என்று கேட்பாய். சொல்லிவிடுகிறேன், ஆனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. தொண்டை கட்டியிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு வெந்நீரும் மாத்திரையுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்டையில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். எழுத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, பார்.

குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டுமாம். மார்ச் பதினாலுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. பேச்சு கிடையாது. "பேச வேற வழிகள் இருக்கும்மா, கருவியெல்லாம் வந்திருக்கு" என்று அந்தச் சின்ன டாக்டர் சமாதானம் சொன்னார். பாவம், என் தொழில் என்னவென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மைக் முன்னால் நின்றிருக்கிறேன். எவனோ எழுதியதை, எவளோ வாயசைத்ததற்குப் பேசியிருக்கிறேன். காதலித்திருக்கிறேன், சபித்திருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன், செத்திருக்கிறேன். என் சொந்த வார்த்தை ஒன்றை மைக்கில் பேசியதேயில்லை. 'மைக் டெஸ்டிங்' என்பதைக்கூட இன்ஜினியர்தான் சொல்வார்.

அதனால் வருகிறேன். உன் கல்லூரிக்காக இல்லை, உனக்காகவும் இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி போடு. அந்த நடிகை மாதிரி ஒரு வசனம் பேசிக் காட்டுங்கள் என்று எவனாவது கேட்டால் எழுந்து போய்விடுவேன். என் உடம்பைப் பற்றி யாருக்கும் தெரியக் கூடாது. பரிதாபத்துக்குக் கைதட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். கைதட்டலிலும் டப்பிங் உண்டு.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

உன் கடிதத்தைக் கல்லூரி ஸ்டுடியோவில் வைத்துப் படித்தேன். சத்தம் வெளியே போகாத அறை அது. அங்கே படித்தது நல்லதாகப் போயிற்று.

நான் இன்றே புறப்பட்டு வருகிறேன் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நீ வா என்று சொன்னால் வருகிறேன். நாற்காலி பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை


பிப்ரவரி 20

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று கல்லூரி முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். "மேடம், யார் வர ஒத்துக்கிட்டாங்க தெரியுமா?" என்று பேரைச் சொன்னார். அவள்தான். உன் குரலில் பேசிப் பேசியே பெரிய ஆளானவள். அவளுக்கு மார்ச் ஆறு மட்டும்தான் ஒழியுமாம்.

"ஆறாம் தேதி ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்திருக்கோமே சார்" என்றேன்.

"டப்பிங் அம்மாதானே? இருபதாம் தேதி வெச்சுக்கலாம். அவங்க எங்க ஓடிடப் போறாங்க?"

உனக்குக் கொடுத்த வாக்கு இல்லாவிட்டால் உன் அறுவை விஷயத்தை அந்த மேஜையிலேயே சொல்லியிருப்பேன். அதை மட்டும் சொல்லவில்லை. முடிந்தவரை சண்டை போட்டேன். "விளம்பரம், நன்கொடை, கட்டடம்" என்று அடுக்கினார். அவருக்கும் மேலிடம் இருக்கிறது.

ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேள். நாலாம் தேதி வா. என் வகுப்பறையிலேயே வைத்துக்கொள்வோம். மாணவர்கள் எல்லாரும் இருப்பார்கள். ஏழாம் தேதி படப்பிடிப்புக்காக வெளியே போகிறவர்கள் பதினெட்டாம் தேதிதான் திரும்புவார்கள். இல்லையென்றால் நான் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். நீ பேசு, நான் பதிவு செய்துகொள்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 26

தங்கச்சிக்கு,

அவளுக்கு ஹால், எனக்கு வகுப்பறை. அதுவும் இரண்டு நாள் முன்னால், கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் முதல் பந்திக்கு முன்னாலேயே தின்றுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுபோல. வேண்டாம்.

ரெக்கார்டரும் வேண்டாம். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தனியாக நின்று பேசிப் பேசி அலுத்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் கட்டைவிரலைத் தூக்கினால் நன்றாகப் பேசினேன் என்று அர்த்தம். இந்த ஒருமுறை எதிரே முகங்கள் இருக்க வேண்டும். கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை.

இருபதாம் தேதியே இருக்கட்டும். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பத்து நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார். இருபத்துநாலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

என்ன பேசுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேசினேன். முதலில் என் குரலே எனக்கு யாரோ மாதிரி இருந்தது. நடிப்பு இல்லாமல் பேசினால் நான் இவ்வளவு மெதுவாகவா பேசுகிறேன்? வெளியே மருமகள் நின்று கேட்டிருக்கிறாள். "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் டிவி பார்த்தும் அழுகிறவள்தான்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கடைசிவரை படி. நடுவில் கிழித்துவிடாதே.

முதலில் ஆறாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஹாலில் இடமில்லை, மாடிப்படியெல்லாம் ஆட்கள். அவள் நன்றாகத்தான் பேசினாள். மேடையில் கேட்டது அவளுடைய சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, எனக்குப் பிடித்திருந்தது. கேள்வி நேரத்தில் ஹெட்போன் எழுந்தாள்.

"மேடம், உங்க படங்கள்ல உங்களுக்குக் குரல் குடுத்தது யாருன்னு சொல்ல முடியுமா?"

அவள் சிரித்தாள். "நிறைய பேர் குடுத்திருக்காங்கம்மா. எல்லார் பேரும் எனக்கு ஞாபகம் இல்ல. எல்லாருக்கும் நன்றி."

நான் எழுந்து உன் பேரைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து, மைக் இல்லாமல். "பெரும்பாலும் அவங்க ஒருத்தர்தான். என் அக்கா" என்றேன்.

அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். "ஆமா ஆமா, அவங்கதான்! நல்லா இருக்காங்களா?"

ஹாலில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்காங்க" என்றேன்.

கைதட்டினார்கள். அடுத்து ஒரு பையன் எழுந்து அவள் தினமும் என்ன உடற்பயிற்சி செய்கிறாள் என்று கேட்டான்.

அன்று இரவு உன் மருமகள் எனக்குப் போன் செய்தாள். நீ டாக்டரிடம் கேட்கவேயில்லையாம். வீட்டில் ஒரு விசேஷம் என்று மருத்துவமனை அலுவலகத்தில் சொல்லி நீயாகத் தேதியை மாற்றியிருக்கிறாயாம். டாக்டர் விஷயம் தெரிந்து மகனைக் கூப்பிட்டு, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஏற்கெனவே மூச்சுப்பாதையை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று கத்தியிருக்கிறார். மகன் சொல்லியும் நீ கேட்கவில்லை. "உங்க பேச்சைக் கேப்பாங்க சித்தி" என்றாள் அந்தப் பெண். நீ என் பேச்சை என்றைக்குக் கேட்டாய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே, இருபதாம் தேதிக் கூட்டத்தை நான் ரத்து செய்துவிட்டேன். முதல்வரிடம் உனக்கு வர விருப்பமில்லை என்று சொன்னேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நோட்டீஸ் பலகையில் இருந்ததை நானே எடுத்தேன். நீ தள்ளிப்போட இனி ஒரு காரணமும் இல்லை. பழைய தேதியையே உன் மகன் திரும்ப வாங்கியிருக்கிறான். பதினாலாம் தேதி போய்ப் படுத்துக்கொள்.

நீ உயிரோடு இருந்துகொண்டு என்னோடு பேசாமல் இரு. அது எனக்குப் பழகிவிட்டது.

தங்கை


மார்ச் 12

வாத்தியாரம்மாவுக்கு,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். பக்கத்துப் படுக்கைக்காரி ஓயாமல் பேசுகிறாள். பேசட்டும்.

எனக்கு வர விருப்பமில்லை என்று சொன்னாயாமே. என் வாயில் வார்த்தையை வைக்க நீ யார்? அந்தத் தொழிலை நான் பார்க்கும்போது பித்தலாட்டம் என்றாய்.

எனக்குத் தெரியாதா அந்த டாக்டர் சொன்னது? மூச்சு விடுகிறவள் நான். படியேறினால் விசில் அடிக்கிறது. எல்லாம் தெரிந்துதான் தள்ளிப்போட்டேன். உயிரா, அந்த ஒரு மணி நேரமா என்று கணக்குப் போட்டு, அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன். கணக்கு தப்பாக இருக்கலாம். என் கணக்கு. அறுபது வயதுக்கு மேல் எனக்கென்று நானே எடுத்த முடிவு அது ஒன்றுதான். அதையும் நீ நோட்டீஸ் பலகையிலிருந்து கிழித்துவிட்டாய்.

மகன் உன்னைப் புகழ்கிறான். "சித்திதான்மா உங்களைக் காப்பாத்தினாங்க." காப்பாற்றினாயா என்று பார்ப்போம்.

நாளன்றைக்குக் காலை. இன்று முழுதும் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன். நர்ஸிடம், ஊசி போடுகிறவனிடம், வாசலில் நிற்கிற காவலாளியிடம். எல்லாரும் "ஓய்வெடுங்கம்மா, தொண்டைக்குச் சிரமம் குடுக்காதீங்க" என்கிறார்கள்.

நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் திட்டத்தான் தோன்றும். கடைசியாகப் பேசியது உன்னைத் திட்டியதாக இருக்க வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ வராதே என்றாய், வரவில்லை. அன்று காலை கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பேருந்திலும் ஏறவில்லை.

மருமகள் எல்லாம் சொன்னாள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் கழுத்துக்குக் கீழேயும் இறங்கியிருக்கிறது என்று வந்ததாம். ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றனவாம். இன்னொரு அறுவைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அது அந்தப் பத்து நாளைப் பொறுத்ததில்லை, ஜனவரிக்கு முன்னாலேயே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள் போலிருக்கிறது. அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. நீ இருபதாம் தேதி வந்து பேசியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நான் எதைக் கொடுத்து எதை வாங்கினேன்?

மறுபடி அதே இடத்தில் நின்றாலும் ரத்துதான் செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ளத்தான் முடிகிறது.

இருபதாம் தேதி ஹால் காலியாக இருந்தது. படப்பிடிப்பிலிருந்து திரும்பிய பிள்ளைகள் சிலர் ரத்தானது தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்போனும் இருந்தாள். நீ வரமாட்டாய் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். இந்தமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டு. அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "அவங்க என்ன பேசறதா இருந்தாங்களோ, அதை எழுதித் தருவாங்களா மேடம்? நாங்க படிக்கிறோம்" என்றாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அதனால் கேட்கிறேன்.

'நேருக்கு நேர்' நின்றுவிட்டது. நடிகை வந்தபோது எடுத்த படம் கல்லூரி வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அது போதும் என்று முதல்வருக்குத் தோன்றிவிட்டது.

நான் வரட்டுமா?

தங்கை


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

எழுதித் தரமுடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல். எழுதிக் கொடுத்தால் யாராவது ஒருத்தி எழுந்து நின்று உணர்ச்சியோடு படிப்பாள். என் வார்த்தைக்கு இன்னொருத்தி குரல். வேண்டாம். அது என்னோடு இருக்கட்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. பீரோக் கண்ணாடிக்குத் தெரியும்.

அவளிடம் உண்மையைச் சொன்னதற்குத் திட்டமாட்டேன். தெம்பில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பொய்யாக எழுத எனக்குத் தெரியும். எவ்வளவு பொய்யை எவ்வளவு உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அதைச் செய்யப் பிடிக்கவில்லை. கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால் என் கையில் ஒன்றும் இருக்காது.

டாக்டர் என்னிடம் நேராக எதையும் சொல்வதில்லை. மகனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்கிறார். மகன் திரும்பி வந்து சிரிக்கிறான். அவன் நடிப்பு சகிக்கவில்லை. கோடை தாண்டமாட்டேன் என்று நினைக்கிறேன். கருவி ஒன்றை வாங்கி வந்தான். கழுத்தில் வைத்து அழுத்தினால் ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அப்படி ஒரு சத்தம். ஒருமுறை பேசிப் பார்த்தேன். பேரப்பிள்ளை பயந்து அழுதுவிட்டான். டப்பாவிலேயே திருப்பி வைத்துவிட்டேன். இப்போது ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்திருக்கிறேன். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

வா. வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடு. மதியத்துக்கு மேல் தூங்கிப்போகிறேன். தனியாக வா. என்னைப் பார்த்ததும் அழாதே. அழுதால் நான் துடைக்க எழுந்துவர வேண்டியிருக்கும். சமாதானமும் சொல்லாதே. உன் வகுப்பில் இன்றைக்கு என்ன நடந்தது, அந்தப் பிள்ளைகள் என்ன படம் எடுக்கிறார்கள், யாருக்கு யாரோடு சண்டை, அதையெல்லாம் சொல்.

ஒன்றே ஒன்று. மெதுவாகப் பேசு. எனக்குப் பேச்சுத்தான் போயிற்று, காது நன்றாகக் கேட்கிறது. இந்த வீட்டில் மகன், மருமகள், பால்காரர், நர்ஸ் எல்லாரும் நான் செவிடு என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். கத்தாதீர்கள் என்று பலகையில் எழுதிக் காட்டினால், "சரிம்மா!" என்று கத்துகிறார்கள்.

அக்கா